மாலைக்குள் ஆற்றில் வெள்ளம்

போன வாரம் உங்கள் ஸ்டுடியோவைச் சுற்றிக் காட்டினீர்கள். ரொம்ப சந்தோஷம். ஏ.சி. குளிரில் எனக்குப் பல் தந்தியடித்தது, அது வேறு விஷயம். வெளியே வரும்போது உங்களில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க காலத்துல ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்க, இல்லீங்களா மேடம்?" என்று பாவமாகக் கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அவளுக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அதுதான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

கஷ்டப்பட்டோம்தான். அதைச் சொல்லி உங்களிடம் உச்சுக்கொட்டு வாங்கும் உத்தேசம் எனக்கில்லை. என்னோடு வேலை பார்த்தவர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அந்த விஷயத்தில் நான் கொடுத்து வைத்தவள்.

எங்கள் பக்கத்தின் முதல் கலர் ஸ்டுடியோ பாலக்காட்டுச் சித்தூரில் ஒரு சினிமாக் கொட்டகைக்குள் இருந்தது. வீட்டுக்கு வீடு டி.வி. வந்து கொட்டகையில் ஈயாடத் தொடங்கியதும், முதலாளி அந்த டி.வி.யையே பிடித்துக்கொண்டார். ஊர் முழுக்க, ஆற்றோரக் கிராமங்கள் வரைக்கும் கேபிள் இழுத்தார். நாற்காலிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, திரைக்கு முன்னால் தரை டிக்கெட் இருந்த இடத்தில் பலகை அடித்து மட்டமாக்கினார். அதுதான் எங்கள் ஸ்டுடியோ. அதற்குப் பின்னால் எல்லாம் பழைய சரிவுதான். கேமராவைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துவிட்டுக் கையை எடுத்தால், அது தன்பாட்டுக்கு உருண்டு வந்து பேசிக்கொண்டிருப்பவரின் மடியில் ஏறப் பார்க்கும். படம் ஓட்டுகிற அறை கன்ட்ரோல் ரூம் ஆயிற்று. கீழே நடப்பதை அங்கிருந்து புரொஜெக்டர் ஓட்டை வழியாகத்தான் எட்டிப் பார்க்க வேண்டும். டெலிபோனை டிக்கெட் கவுண்டரில் வைத்திருந்தார்கள். நாம் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே கவுண்டர் துவாரத்துக்கு வெளியே யாராவது குனிந்து, "இன்னைக்கு என்ன படமுங்க?" என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் விளக்கம் சொல்லிப் பார்த்தோம். பிறகு, "படம் இல்லீங்க, ஊட்டுக்குப் போயி டி.வி. பாருங்க" என்று மட்டும் சொன்னோம்.

எனக்கு ஃப்ளோர் மேனேஜர் வேலை. மேலே கன்ட்ரோல் ரூமில் சொல்வதை ஹெட்ஃபோனில் கேட்டு, கீழே தளத்தில் நடத்திக் கொடுப்பவள். மேலே உட்கார்ந்திருந்தவர் எங்கள் என்ஜினீயர் சார். பாலக்காட்டில் கோயில் தெரு ஒன்றில் பிறந்து, வெளியூரில் அரசாங்க நிலையமொன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்று வந்தவர். நாக்கில் நல்ல காரம். மனசு வேறு ரகம் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

அவரிடம் நான் பார்த்த முதல் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். கலர் கேமராவுக்கு முதலில் வெள்ளை எது என்று காட்ட வேண்டும், அதை வைத்துத்தான் மற்ற நிறங்களை அது ஒழுங்கு பண்ணிக்கொள்ளும் என்பது உங்களுக்கே தெரியும். எங்களிடம் அதற்கென்று அட்டை எதுவும் கிடையாது. எலப்புள்ளியிலிருந்து வரும் லைட்மேன் அண்ணன் தூய வெள்ளை வேட்டி கட்டி வருவார். "அண்ணா, வெள்ளை காட்டுங்க" என்றால் கேமரா முன்னால் வந்து விறைப்பாக நின்றுகொள்வார். ஒரு நாள் மஞ்சள் காமாலையைப் பற்றிப் பேச டாக்டர் ஒருவர் வந்திருந்தார். நிகழ்ச்சி தொடங்கி இரண்டு கேள்வி முடியவில்லை, கவுண்டரில் போன் அடிக்கிறது. "ஏனுங்க, டாக்டருக்கே காமாலைங்களா?" ஓடிப் போய்ப் பார்த்தால் டாக்டர் முகம் பழுத்த மாம்பழமாக இருக்கிறது. விஷயம் என்னவென்றால், அண்ணன் வீட்டில் முந்தின நாள் வேட்டிக்கு நீலம் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டார்கள். அந்த நீலத்தை வெள்ளை என்று நம்பிய கேமரா, ஊரையே மஞ்சளாக்கிவிட்டது.

என்ஜினீயர் சார் அண்ணனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டரிடம் தானே போய் மன்னிப்புக் கேட்டார். என்னிடம் மட்டும், "கேமராவுக்கு வேட்டி தெரியாது, நீலம் தெரியாது. நாம எதை வெள்ளைன்னு காட்டறோமோ அதை நம்பும். பார்க்கற ஜனமும் அப்படித்தான், கேட்டயா?" என்றார். அப்போது தலையாட்டி வைத்தேன். அந்தப் பேச்சின் கனம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

எங்கள் வாசிப்பாளர் பிரபா இடுக்கிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த பெண். தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து மலையேறிய குடும்பம். பேச்சில் அந்த ஊர் வாசனை போகவில்லை, ஆனால் கேமரா முன்னால் உட்கார்ந்தால் சுத்தமான செய்தித் தமிழ். ஒரு எழுத்து பிசகாது. நானும் அவளும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிற சிநேகிதம்.

அந்த வருஷம் ஆடி பிறந்தும் எங்கள் பக்கம் மழை இல்லை. ஆற்றில் மணல்தான் ஓடியது. நாற்று விட்டவர்கள் அணைத் தண்ணீர் எப்போது வரும் என்று வழி பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் அப்பாவும் அதில் ஒருவர். அப்படி இருக்கையில் ஒரு நாள் மதியம் கழிந்து, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து எங்கள் நிருபர் போன் பண்ணினார். மலையில் பேய் மழை, அணை நிரம்பி ஷட்டரைத் தூக்குகிறார்கள் என்றார். எங்கள் ஊரிலோ வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது, வெயில் கொளுத்துகிறது. ஜவுளிக்கடை ஒன்று தன் ஆடித் தள்ளுபடிக்காகக் காசு கட்டி எடுத்திருந்த நேரடி நிகழ்ச்சி தொடங்கப் போகிற நேரம். கடைக்காரரே பட்டுச்சட்டையோடு வந்து உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் கடைக்காரரின் ஆட்களோடு புடவைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தேன். பிரபா நிகழ்ச்சியைத் தொடங்கும் முன் அந்தச் செய்தியை ஒரே வரியில் வாசித்தாள்: "அணை திறக்கப்படுகிறது. மாலைக்குள் ஆற்றில் வெள்ளம் வரும்."

நல்ல தமிழ். எந்தத் தமிழ் வாத்தியாரும் குறை சொல்ல முடியாது.

நிகழ்ச்சி கொஞ்ச நேரம் ஓடி, விளம்பரம் போனது. கவுண்டரில் போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"டி.வி. ஆபீஸுங்களா? உங்க வாய்க்குச் சர்க்கரைதானுங்க போடோணும்!" கோபாலபுரம் ரோட்டில் ஆற்றோரமாக இருக்கும் ஊரிலிருந்து ஒருவர் பேசினார். ஊரையும் சொன்னார். குரலில் அப்படி ஒரு பூரிப்பு. "நாத்தெல்லாம் கருகிக் கெடந்துதுங்க. வெள்ளம் வருதுன்னு சொன்னீங்க பாருங்க, உசுரு வந்துருச்சுங்க. ஊட்டுல பொம்பளைகெல்லாம் உங்க டி.வி.தானுங்க பாத்துட்டு இருக்கறாங்க. நாங்க ஆளுகளக் கூட்டிட்டு ஆத்துக்குள்ள எறங்கறமுங்க. தலமடைல மணல வெட்டி உட்டாத்தான வெள்ளம் நம்ம வாய்க்காலுக்குத் திரும்பும்!"

"அண்ணா, எறங்காதீங்க!" என்று நான் கத்தினேன். அவர் நன்றி சொல்லி போனை வைத்துவிட்டிருந்தார். எந்த நம்பரிலிருந்து பேசினார் என்று தெரியாது, திரும்பக் கூப்பிட வழியில்லை.

நான் ஏன் கத்தினேன்? உங்களில் வெளியூர்க்காரர்களுக்காக இதை விளக்க வேண்டும். எங்கள் வீடுகளில் குடிப்பது தண்ணிதான். ஆனால் வாய்க்காலில் வருவது வெள்ளம். மலையாளத்தில் தண்ணீருக்கு அதுதானே பெயர். இரிகேஷன் ஆபீஸில் அப்படிச் சொல்லிச் சொல்லி, பாசனத் தண்ணீர் எங்கள் வாயிலும் வெள்ளமாகிவிட்டது. "கனால்ல வெள்ளம் உட்டாச்சா?" என்பதுதான் என் அப்பா தினமும் கேட்கும் கேள்வி. கரையை உடைத்துக்கொண்டு வருமே, அந்த வெள்ளத்தை நாங்கள் பெருந்தண்ணி என்போம். ஆக, பிரபா வாசித்தது தமிழில் எச்சரிக்கை. எங்கள் ஊர் காதில் விழுந்தது, மாதக்கணக்காகக் காத்திருந்த நல்ல சேதி. எத்தனை ஊரில் எத்தனை பேர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் காய்ந்த ஆற்றுக்குள் இறங்குகிறார்களோ!

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே ஓடினேன். முதலாளியிடமும் பிரபாவிடமும் விஷயத்தை மூச்சிரைக்கச் சொன்னேன். பிரபாவுக்கு முழுதாகச் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. "ஐயோ அக்கா, எங்க எஸ்டேட்டுலயும் பைப்புல வாரதுக்கு வெள்ளம்னுதான் பேரு. எனக்கு ஏன் தோணாமப் போச்சு?" என்று வாயில் கை வைத்துக்கொண்டாள். முதலாளி கெட்டவர் இல்லை, பயந்தவர். "தாலூக் ஆபீஸ்ல கேட்டுட்டுச் சொல்லலாம். நாம பாட்டுக்குச் சனத்தப் பயமுறுத்தி, அப்புறம் ஒண்ணுமே வரலைன்னா போலீஸ் வரும்" என்றார். போனைச் சுற்றினோம். லைன் கிடைக்கவில்லை.

இதற்குள் போர்டு எழுதும் ஓவியர், சொன்ன மாத்திரத்தில் பச்சைப் பலகையில் ரத்தச் சிவப்பாக 'ஆபத்து, ஆற்றில் இறங்காதீர்' என்று தீட்டிக்கொண்டு வந்துவிட்டார். கேமரா முன்னால் பிடித்தோம். என் ஹெட்ஃபோனில் என்ஜினீயர் சார் குரல்: "அதை எடுத்துத் தூரப் போடு. ஒண்ணும் தெரியலை." அவர் கலர் மானிட்டருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டியும் வைத்திருப்பார். ஆற்றோர ஊர்களில் பாதிப் பேர் வீட்டில் அதுதான் இருந்தது. அந்தச் சிவப்பும் பச்சையும் அதில் ஒரே சாம்பலாகத் தெரிந்திருக்கிறது. நாங்கள் கலரில் அலறியது அவர்களுக்கு வெறும் பலகை. வெள்ளைச் சாயம் தேட நேரமில்லை, விளம்பரம் முடியப் போகிறது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் ஒரு விஷயம் மட்டும் மனதில் தெளிவாக நின்றது. அந்த அண்ணன் போனில் சொன்னாரே, வீட்டில் பெண்கள் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று. ஆற்றில் நிற்கிறவர்களுக்கு நாம் என்ன கத்தினாலும் கேட்காது. டி.வி.க்கு முன்னால் இருப்பவர்கள் அவர்கள் வீட்டுப் பெண்கள். அவர்களிடம்தான் பேச வேண்டும், அவர்கள் எழுந்து ஓட வேண்டும்.

"சார், விளம்பரம் முடிஞ்சதும் பிரபா சொல்லட்டும். முதலாளி வேண்டாம்கறார்" என்றேன். மேலிருந்து, "அவரை நான் பார்த்துக்கறேன். படம் இங்கேயிருந்துதான் போறது" என்று பதில் வந்தது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு பழைய சரிவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிரபாவிடம் குனிந்து, "நேரா பொம்பளைககிட்டப் பேசு. பெருந்தண்ணின்னு சொல்லு" என்றேன். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. நேரடி ஒளிபரப்பு. பிரபா வாயைத் திறந்தாள். மூடினாள். என்னைப் பார்த்தாள்.

பிறகு அவள் எழுந்தாள்.

தொலைக்காட்சியில் வேலை பார்க்கும் உங்களுக்குத் தெரியும், ஓடிக்கொண்டிருக்கிற நிகழ்ச்சியில் அந்த நாற்காலியை விட்டு யாரும் எழுந்திருப்பதில்லை. காலுக்கடியில் பாம்பு போனாலும் சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கடைக்காரர் திகைத்துப் போய்ப் பார்க்கிறார். அவள் கேமராவுக்கு முதுகு காட்டி நடந்து என்னிடம் வந்து, காதோடு, "நீங்க பேசுங்கக்கா. நான் வாசிச்சா இதுவும் செய்தின்னு கேட்டுட்டு இருந்துருவாங்க. உங்க பேச்சுதான் அவங்க வீட்டுப் பேச்சு" என்று சொல்லி, என்னைத் தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

என் தலையில் ஹெட்ஃபோன். நெற்றியில் வியர்வை. சேலை செருகினபடி கிடக்கிறது. அப்படியே போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, அம்மிணி, எல்லாரும் கேளுங்க. நானும் இந்த ஊருக்காரிதானுங்க. முன்னால சொன்னது வாய்க்கா வெள்ளமில்லீங்க. பெருந்தண்ணி வருதுங்க, ஆளையே அடிச்சுட்டுப் போற தண்ணி. உங்கூட்டு ஆம்பளைக ஆத்துக்குப் போயிருந்தா, இப்பவே ஓடிப் போயிக் கூப்பிடுங்க. டி.வி.ய அணைக்கக்கூட நிக்க வேண்டாமுங்க. ஓடுங்க!" போன் பண்ணிய அண்ணனின் ஊர்ப் பெயரையும் சொன்னேன். மலையாளத்திலும் சொன்னேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். தொண்டை கட்டும்வரை யாரும் என்னை எழுப்பவில்லை. ஜவுளிக்கடைக்காரர் தன் நிகழ்ச்சி போச்சே என்று முனகக்கூட இல்லை. நான் நிறுத்தியபோதெல்லாம், "நானும் சொல்றேன், ஓடுங்க, ஓடுங்க" என்று பக்கத்திலிருந்து கை வீசினார். அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

சாயங்காலம் ஆறு பெருகி வந்தது. செம்மண் நிறத்தில், வேரோடு மரங்களைப் புரட்டிக்கொண்டு வந்தது. ஆற்றோடு ஒட்டிக் கிடக்கும் சப்பாத்துப் பாலம் முழுகிப் போயிற்று. மாட்டுக் கொட்டகைகள் போயின, நாற்றங்கால்கள் போயின. எங்கள் கேபிள் போகிற ஊர்களில் ஆள் யாரும் போகவில்லை என்று நிருபர் சொன்னபோது, நான் டிக்கெட் கவுண்டருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முதலாளி வெளியே நின்று, "அழுதாச்சுன்னா வாம்மா, டீ ஆறுது" என்றார்.

அடுத்த நாள் என்ஜினீயர் சாரிடம் ஒன்று கேட்டேன். வாசிப்பாளர் எழுந்து முதுகு காட்டி நடந்தால், உடனே படத்தை மாற்றி பூந்தொட்டியையோ விளம்பரத்தையோ காட்ட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அன்றைக்கு அவர் மாற்றவில்லை. அவள் எழுந்தது, நடந்தது, காலி நாற்காலி எல்லாமே ஊருக்குத் தெரிந்தது. "ஏன் சார் கட் பண்ணலை?"

"கை பட்டன் மேலதான் இருந்தது" என்றார். "அந்தப் பொண்ணோட முகத்தைப் பார்த்தேன். பார்த்தப்புறம் அதை மறைக்க எனக்கு மனசு வரலை. அவ்வளவாக்கும்."

கொஞ்ச நாள் கழித்து ஒரு புருஷனும் பெண்சாதியும் கொட்டகை வாசலில் வந்து நின்றார்கள். புருஷன் வாயைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, போனில் கேட்ட அதே குரல். "நீங்கதானுங்களா அது?" என்று என்னைக் கும்பிட்டார். ஆற்றின் நடுவில் மணல் வெட்டிக்கொண்டிருந்தபோது மனைவி கரையில் தலைவிரி கோலமாக வந்து நின்று கத்தியதையும், இவளுக்குப் பைத்தியமா என்று திட்டிக்கொண்டே எல்லாரும் மேலேறியதையும், மண்வெட்டியை எடுக்கத் திரும்பியவரை மைத்துனர் சட்டையைப் பிடித்து இழுத்ததையும் சொன்னார். என் வார்த்தை ஒரு மனுஷனை ஆற்றிலிருந்து மீட்டிருக்கிறது என்று நெஞ்சு கொஞ்சம் விம்மியதும் உண்மை. இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

அந்த அம்மா மட்டும் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யாரைங்க தேடறீங்க?"

"அந்த வாசிக்கற பொண்ணுங்க."

பிரபாவைக் கூப்பிட்டேன். பாதி பவுடர் போட்ட முகத்தோடு ஓடி வந்தாள். அந்த அம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிரபாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் ஒண்ணும் சொல்லலையேம்மா, அக்காதான் சொன்னாங்க" என்று என்னைக் காட்டினாள்.

"அவீங்க என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க கண்ணு" என்றார் அந்த அம்மா. "என்ன நடந்தாலும் சிரிச்சுட்டே உக்காந்திருக்கற புள்ள, மூஞ்சி செத்துப் போயி எந்திரிச்சுப் போறயே, என்னமோ நடக்கப் போகுதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஆத்துக்குள்ள நிக்கற மனுசன் நெனப்புத்தானுங்க வந்துச்சு, அப்பவே ஓடிட்டனுங்க."

நான் பேசியதில் ஒரு வார்த்தையைக்கூட அவர் கேட்டிருக்கவில்லை.